கட்டாரில் பாண் ஓட்டோ

போன் அலறியது!

வட்டக்கச்சி வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுமித்திரா ஓடி வந்தாள்.

வீடியோ கோல். தெரியாத நம்பர்.

திரையில் ஒரு கதிரை. அதில் கட்டப்பட்டிருந்தவன்... நிரஞ்சன். அவளுடைய புருஷன்! முகமெல்லாம் சிவப்பு!

"ஐயோ... என்னங்கோ இது?"

தகரத்தைச் சுரண்டுவதுபோல் வேறொரு குரல் வந்தது.

"உன்ர மனுசன் கட்டாரில எங்கட கையில! சொந்தமாப் புறோகிறாம் எழுதிறனெண்டு வெளிக்கிட்டவர், எங்கட கொம்பனிக் கொம்பியூட்டர் எல்லாத்தையும் படுக்க வைச்சிட்டார்!"

"திருத்தித் தருவார்... விடுங்கோ, ஐயா!"

"அது வேண்டாம். உன்ர தாலிக்கொடி வேணும். பின்னேரம் சந்தியில ஹெல்மெட்டோட ஒராள் நிப்பார். குடு. பொலிசுக்குப் போனா... பெட்டியிலதான் வருவார்!"

சுமித்திரா கழுத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டாருக்குச் சாமான் ஏற்றி இறக்கப் போனவன். அந்த வேலையை விட்டுவிட்டு, அறையிலிருந்தே புறோகிறாம் எழுதப்போகிறேன் என்றபோது எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! இப்போது...

அப்போதுதான் போனுக்குள் அது கேட்டது.

டிங்... டிங்... டிடிங்... க்ர்ர்க்!

பாட்டு ஒன்று ஓடி, நடுவில் விக்கி, மறுபடி ஓடியது.

கோல் கட்!

கொஞ்ச நேரத்தில், அதே பாட்டு... அதே விக்கல்... அவள் படலைக்கு முன்னால்!

தெருத்தெருவாகப் பாண் விற்கும் மயில்வாகனத்தின் ஓட்டோ!

சுமித்திரா தேங்காய் உடைக்கும் கத்தியோடு பாய்ந்தாள்.

"என்ன பிள்ளை, பாண் வெட்டவோ?"

"அண்ணை, இப்ப எங்க நிண்டு வாறியள்?"

"தெரு முடக்கில. கனடாக்காரற்ற பூட்டின வீட்டடியில. ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழட்டாமலே ரெண்டு பணிஸ் வாங்கினான். தலைக்குள்ள ஏதும் வெடிக்குமெண்டு பயமோ தெரியேல்லை!"

வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கனடாக்காரர் கொடுத்த திறப்பு ஒன்று நிரஞ்சனிடம் இருந்தது!

அவள் ஓடினாள்.

கதவைத் தள்ளினாள்.

கதிரையில் நிரஞ்சன். மடியில் கயிறு. காலடியில் ஹெல்மெட். வாயில் பணிஸ்!

"சுமி..."

"உங்களைக் கட்டி வைச்சவங்கள் எங்க?"

அவன் லப்டொப்பைக் காட்டினான்.

"அந்தக் குரல்... நான் எழுதின புறோகிறாம்."

"அப்ப ஒண்டாவது வேலை செய்யுது! ரத்தம்?"

"தக்காளிச் சோஸ்."

அவள் நிலத்தில் குந்திவிட்டாள்.

"புறோகிறாம் எழுத முதல் வேலை தந்தவன் எல்லாத்தையும் வாங்கிப்போட்டு, காசு தராமல் ஆளே இல்லை, சுமி. பிறகு, வேலை விசாவில வந்து வேற வேலை செய்தனெண்டு பிடிச்சு ஏத்திவிட்டாங்கள். இனி அங்க போகேலாது. எந்த முகத்தோட உன்னட்ட வாறது?"

"ஏன்... இந்தச் சோஸ் பூசின முகத்தோட வந்திருக்கலாமே!"

"கொடியைத் தா, சுமி. வேற நாட்டுக்கு ஏஜென்சிக்காரன் அனுப்புறனெண்டவன். அங்க போய் முதல்ல இருந்து தொடங்குறன். இதுதான் கடைசி வழி!"

அவள் கழுத்திலிருந்ததைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

நிரஞ்சன் அதைத் தூக்கிப் பார்த்தான்.

"பாரமே இல்லையே...?"

"கவரிங்! உங்களுக்கு லப்டொப் வாங்க அனுப்பினது சீட்டுக் காசெண்டு சொன்னனான் எல்லோ? பொய். கொடியை வித்த காசு."

இருவரும் லப்டொப்பைப் பார்த்தார்கள்.

கடைசி வழி எப்போதோ முடிந்திருந்தது.

சுமித்திரா கவரிங்கை வாங்கி மறுபடி போட்டுக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் கிடந்த திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை இழுத்துப் பூட்டினாள்!

"சுமி! திற!"

வாசலில் பாண் ஓட்டோ வந்து விக்கியது.

"உள்ள ஆர் பிள்ளை?" என்றார் மயில்வாகனம்.

"வெளிநாட்டுக்காரர், அண்ணை. யன்னலால நாளைக்கும் ரெண்டு பணிஸ் குடுங்கோ... காசு கட்டாரில இருந்து வரும்!"