உயிருள்ள கையைக் காட்டவும்

மதியம் ஒன்றரை மணி டீக்கு மிஷின் அவளுடைய கையை ஏற்கவில்லை. வழக்கமாக உள்ளங்கையைக் கண்ணாடிக்கு மேலே காட்டிய மாத்திரத்தில் பச்சை விளக்கு எரியும், டீக்கான பணம் அவள் கணக்கிலிருந்து போய்விடும். இன்று சிவப்பு எரிந்தது. திரையில் ஒரு வரி வந்தது: 'உயிருள்ள கையைக் காட்டவும்.'

கேன்டீன்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன மேடம், நீங்க பெத்த மிஷினே உங்களை யாருன்னு கேக்குது?"

"கையில ஈரம் இருக்கும்ணே," என்று சமாளித்து, துப்பட்டாவில் துடைத்து மறுபடி காட்டினாள். மறுபடியும் சிவப்புதான்.

"போங்க, காசு எங்க ஓடிடப்போகுது?" என்று அவர் டம்ளரை நீட்டினார். வாங்கிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டீயிலிருந்து ஆவி பறக்கிறது. வெறும் கையால் டம்ளரை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். சூடே தெரியவில்லை.

அட்டை வேண்டாம், போன் வேண்டாம், உள்ளங்கையைக் காட்டினால் பணம் போய்விடும். நான்காம் மாடி ஆராய்ச்சிப் பிரிவு நாலு வருஷமாக இதற்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. மிஷின் தோலுக்கு அடியில் ஓடும் நரம்புகளைப் பார்க்கும், நாடித்துடிப்பை எண்ணும். போலிக் கையைக் காட்டி எவனும் ஏமாற்றிவிடக் கூடாது என்று பார்ப்பது அவள் வேலை. அதைச் சோதிக்க ஒரு ரப்பர் கை வேண்டும். வெளியாள் ஒருவரின் கையை அச்செடுக்க வேண்டுமானால் ஒப்புதல் காகிதங்களுக்கே மூன்று வாரம் பிடிக்கும். எதைக் கேட்டாலும் 'நாளைக்கே வேணும்' என்பதால் 'நாளைக்கே' என்றே பெயர் வாங்கிய பிரிவுத் தலைவரோ தலைமேல் உட்கார்ந்திருந்தார். போனால் போகிறது என்று அவள் தன் வலது கையையே அச்செடுத்துவிட்டாள். நரம்பு, ரேகை, சுண்டுவிரல் தழும்பு, ஒன்றும் விடாமல் அப்படியே வந்திருந்தது.

தப்பு அதில் இல்லை. மிஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆயிரக்கணக்கான படங்களை இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். ஒரு பக்கம் உயிர்க் கைகள், இன்னொரு பக்கம் பொம்மைக் கைகள். அந்த அவசரத்தில் அவள் ரப்பர் கையின் படங்களை உயிர்ப் பக்கத்திலும், தன் கையின் படங்களைப் பொம்மைப் பக்கத்திலும் போட்டுவிட்டாள். தெரிய வந்தபோது சோதனை அறிக்கை, மிஷினை வாங்கவிருந்த வங்கிகளுக்குப் போய்விட்டது, 'நாளைக்கே' கைகூடத் தட்டிவிட்டார். திருத்த வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் ஒருத்தி கைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். இன்று காலை அந்தப் புதுப் பாடத்தைக் கட்டடத்தின் எல்லா மிஷின்களிலும் ஏற்றியிருந்தார்கள், கதவுகள் உட்பட.

அதனால்தான் டீ மிஷின் முரண்டு பிடிக்கிறது. வேறென்ன? அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆராய்ச்சிக்கார மூளை அதை ஒப்புக்கொண்டது. மனசு ஒப்புக்கொள்ளவில்லை.

ஆய்வறையில் யாரும் இல்லை, எல்லோரும் கீழே கூட்டத்தில் இருந்தார்கள். லிஃப்டில் வேறொருவர் கையைக் காட்டியதால் மேலே வந்தாள், கதவு சாத்தாமல் கிடந்ததால் உள்ளே போக முடிந்தது. அவள் நுழைந்ததும் அது தானாகச் சாத்திக்கொண்டது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் மிஷின் சூட்டின் வாடையும் ரப்பர் வாடையும் எப்போதும் கலந்திருக்கும். குளிர்சாதனம் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. மேஜையின் மேல், தாங்கியில், ரப்பர் கை நிமிர்ந்து நின்றது. விரல்கள் கொஞ்சம் மடங்கியிருந்தன. நேற்று நீட்டித்தானே வைத்தோம் என்று நினைத்தாள். யாராவது தொட்டிருப்பார்கள்.

சோதனை மிஷினில் தன் கையை வைத்தாள். பொம்மை என்றது. சரி, அது தெரிந்ததுதான். ஆனால் கீழே இன்னோர் எண் இருந்தது. நாடித்துடிப்பு, பூஜ்யம். நாடியைப் பார்ப்பது தனிக் கருவி. அதற்கு எந்தப் படத்தையும் யாரும் காட்டவில்லை, எந்தப் பாடமும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருப்பதை எண்ண மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ரப்பர் கையைத் தாங்கியிலிருந்து எடுத்தாள். இடது கைக்கு அது வெதுவெதுப்பாக இருந்தது. மிஷினில் வைத்தாள்.

உயிர். நாடித்துடிப்பு, எழுபத்திரண்டு.

அப்படியே மேஜையில் போட்டுவிட்டு வலது மணிக்கட்டை இடது விரல்களால் அழுத்திப் பார்த்தாள். மாற்றி அழுத்தினாள். அழுத்தமாக, மெதுவாக, மேலே, கீழே. ஒன்றுமே இல்லை. கடவுளே, ஒன்றுமே இல்லை.

மணி இரண்டாக ஐந்து நிமிடம். பாப்பா காத்திருப்பாள். தரைத்தளத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று காப்பகம் இருந்தது. நாலு வயதுப் பாப்பாவுக்கு மதியம் அம்மாவின் கையைப் பிடித்தால்தான் தூக்கம் வரும். ஓர் அம்மாவைப் பார்த்துவிட்டால் மற்றப் பிள்ளைகளும் அழும் என்பதால், அம்மாக்கள் திரைச்சீலைக்கு வெளியே உட்கார்ந்து கையை மட்டும் உள்ளே நீட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். இரண்டு மணிக்கு அந்தக் கை வராவிட்டால் பாப்பா ஊரைக் கூட்டிவிடுவாள்.

கதவுப் பக்கம் திரும்பினாள். விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு. குளிர்சாதனமும் நின்றுபோயிருந்தது. மேஜைமேல் ஏதோ நகரும் சத்தம். பிறகு தரையில் 'தொப்'பென்று ஒன்று விழுந்தது. பிறகு விரல் நகங்கள் பலகையில் தட்டுவதுபோல, டக், டக், டக், அவளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனது. அவள் மேஜையோடு ஒட்டி நின்றாள். கதவோரம் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. மூடியது.

விளக்கு வந்தது. மேஜையில் ரப்பர் கை இல்லை.

கதவுக்கு ஓடிக் கையைக் காட்டினாள். சிவப்பு. 'உயிருள்ள கையைக் காட்டவும்.' இடது கையைக் காட்டினாள். பதிவில்லாத கை என்றது. மாதிரிகள் திருடுபோகக் கூடாது என்று அந்த அறையிலிருந்து வெளியே போகவும் கை கேட்கும். அந்த யோசனையைச் சொன்னவளும் அவளேதான்.

கணினித் திரையில் கதவுகளின் பதிவு வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது. நான்காம் மாடி, ஆய்வறை. லிஃப்ட். தரைத்தளம். காப்பகம். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அவளுடைய பெயர்.

இடது கையால் காப்பகத்துக்குப் போன் போட்டாள்.

"ஆயாம்மா! பாப்பா எங்க?"

"இங்கதாம்மா, கண்ணு சொருகிடுச்சு." ஆயாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "ஏம்மா, திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு எனக்கு எதுக்குப் போன் பண்றீங்க?"

"அது நான் இல்ல! நான் மேல இருக்கேன். திரையை விலக்கிப் பாருங்க, ஆயாம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"நல்லா விளையாடுறீங்க. உங்க கையை எனக்குத் தெரியாதா? சுண்டுவிரல் தழும்புகூடத் தெரியுது. கட்டைவிரலால பாப்பாவைத் தடவிக்குடுத்துக்கிட்டேதான் இருக்கீங்க. கத்தாதீங்க. அந்தாண்ட ஒண்ணு முழிச்சுக்கிச்சு பாருங்க, வரேன்."

இணைப்பு துண்டானது. மறுபடி அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. 'நாளைக்கே'யை அழைத்தாள். அவரும் எடுக்கவில்லை.

கதவை வலது கையால் ஓங்கிக் குத்தினாள். வலிக்கவில்லை. சத்தமும் பெரிதாக வரவில்லை, பொத், பொத் என்று மட்டும் கேட்டது. கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரல் ஓரமாக, நுனியிலிருந்து மணிக்கட்டுவரை, நேராக ஒரு மெல்லிய கோடு. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் விழுகிற கோடு.

திரையில் புது வரி ஏறியது. 'காப்பகம்: குழந்தை தாயிடம் ஒப்படைக்கப்பட்டது.'

"பாப்பா!"

ஒவ்வொரு மிஷினுக்கு மேலேயும் ஒரு கேமரா உண்டு. தடவித் தடவி வாசல் கேமராவைத் திறந்தாள். பட்டப்பகல் வெயில் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. காவலாளி குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பா நடந்து வந்தாள். செருப்பில்லை, தூக்கம் கலையாத முகம். ஒரு கையை மேலே தூக்கியிருந்தாள். அதை இன்னொரு கை பிடித்திருந்தது. பெரியவர்கள் குழந்தையைப் பிடிக்கும் உயரத்தில். மணிக்கட்டுவரை. அதற்கு மேலே வெயில்தான் இருந்தது.

வாசல் மிஷினுக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். பாப்பா அண்ணாந்து, ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து, என்னவோ சொல்லிச் சிரித்தாள். பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, சரி என்று தலையாட்டினாள்.

அந்தக் கை அவளை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேலே விரிந்தது.

பச்சை.

கதவு திறந்தது. பாப்பா தன் கையை மறுபடி மேலே நீட்டினாள். அது இறங்கி வந்து பிடித்துக்கொண்டது.