கொஞ்சம் தள்ளி நில்லுக்கா

மூடிப்போன ஒரு தியேட்டரின் மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. டிக்கெட் கொடுத்த பழைய கூண்டைத் தாண்டி, கைப்பிடி ஆடுகிற படிகளில் ஏறினால் மூன்று அறைகள். யாரும் சீண்டாத ஆவணப்படங்களைத் தேடிப்பிடித்து, சுத்தம் செய்து, கல்லூரிகளுக்கும் திரைப்படச் சங்கங்களுக்கும் அனுப்பிவைப்பதுதான் அங்கே பிழைப்பு. இருப்பதே இரண்டு பேர். முதலாளி ஒருவர், படச்சுருள்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி. கெட்டுப்போன சுருள்களுக்கு வைத்தியம் செய்கிறாளே என்று அவர் அவளை ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

அன்று மதியம் அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மேஜைமேல் நான்கு தகர டப்பாக்கள் இருந்தன.

“உங்க தங்கச்சி வீட்டுக்காரர் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனாரு. இந்த ஒரு பிரதிதான் இருக்காம்,” என்றார் முதலாளி. கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. “போன வாரம் அவர் வீட்டுல போட்டுக் காட்டினாரு. அசந்துட்டேன். ஏம்மா, உங்க தங்கச்சி இப்படி ஒரு படம் எடுத்திருக்காங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?”

அவள் சொல்லவில்லைதான். எப்படிச் சொல்வாள்?

“இந்த வருஷம் இதைத்தான் எடுத்துக்கறோம்.”

அவளுக்கு வயிறு எரிந்தது. வருஷத்துக்கு ஒரு படத்தைத்தான் முழுசாகப் புதுப்பிக்க அந்த அலுவலகத்துக்குச் சக்தி உண்டு. பாலம் கட்டிய பிறகு நின்றுபோன கடைசிப் படகைப் பற்றி அவளே எடுத்த படம், ஏழு வருஷமாக, நல்ல சுருள்களை வைக்கும் குளிர் அறையில் காத்துக்கிடந்தது. ஒரே டப்பா, ஒரே பிரதி. இந்த வருஷம் உங்க படம்தாம்மா என்று முதலாளி தன் வாயாலேயே சொல்லியிருந்தார். இப்போது அது அவருக்கு ஞாபகம்கூட இல்லை.

தங்கை செத்து இரண்டு வருஷம் ஆகிறது. செத்த பிறகும் வரிசையில் முன்னால் வந்து நிற்கிறாள்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்காவை யாராவது போட்டோ எடுக்க வந்தால் எங்கிருந்தாவது ஓடி வருவாள். முழங்கையால் விலாவில் ஓர் இடி. “கொஞ்சம் தள்ளி நில்லுக்கா, நானும் வர்றேன்.” அக்கா தள்ளி நிற்பாள். வீட்டு ஆல்பத்தில் அக்கா தனியாக நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த வயிற்றெரிச்சலில்தானோ என்னவோ, தன் படகுப் படத்தின் கடைசிக் காட்சியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, காலியான படித்துறையில் தான் மட்டும் போய் நின்றிருந்தாள்.

தங்கை எடுத்தது பொதுச் சலவைக்கூடத்தில் வேலை செய்த பெண்களைப் பற்றிய படம். அதை அக்கா ஒரே ஒரு தடவை பார்த்தாள். பார்த்து அழுதாள். தன் படத்தைவிட அது பத்து மடங்கு நன்றாக இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் பொறுக்கவில்லை.

கோடியில் இருந்த அறையை அவர்கள் ஆஸ்பத்திரி என்பார்கள். பழைய சுருள் அழுக ஆரம்பித்தால் வினிகர் நெடி அடிக்கும். அந்த நெடி பக்கத்தில் இருக்கிற நல்ல சுருளையும் பிடித்துத் தின்றுவிடும். அதனால் சீக்கு வந்ததை மட்டும் அங்கே வைப்பார்கள். நல்ல டப்பாவை அந்த வாசல்படிகூட மிதிக்க விடக்கூடாது என்று எழுதி ஒட்டியவளே அவள்தான்.

“மெஷினுக்கு ஒரு பாகம் வரணும் சார். மழை முடியட்டும், ஆரம்பிச்சிடலாம்,” என்றாள்.

முதலாளி வெளியே போனதும் தங்கையின் நான்கு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனாள். இருப்பதிலேயே நாற்றம் பிடித்த இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் வைத்தாள். எல்லா மூடியையும் தளர்த்திவிட்டாள். மழைக்காலம் முழுக்க அது அங்கேயே கிடக்கட்டும். போய்விட்டது சார், காப்பாற்ற முடியவில்லை என்று கை விரித்துவிடலாம்.

மறுநாள் காலை எட்டிப் பார்த்தாள். தங்கையின் டப்பா மூடிகள் நான்கும் இறுக மூடியிருந்தன.

திரும்பவும் தளர்த்தினாள். அதற்கு மறுநாளும் மூடியிருந்தன. முதலாளி அந்த அறைப்பக்கமே வரமாட்டார். அந்த நெடி அவருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும்.

இரண்டாவது வாரம், பக்கத்தில் இருந்த சீக்கு டப்பாக்கள் ஒரு விரல் அகலம் விலகியிருந்தன. நெருக்கி வைத்தாள். அடுத்த வாரம் ஒரு சாண் விலகியிருந்தன. யாரோ நடுவில் உட்கார்ந்துகொண்டு, முழங்கையை இரண்டு பக்கமும் விரித்தது மாதிரி.

அந்தப் புளிப்பு நெடிக்கு நடுவே அவளுக்கு ஒரு வாசனை தட்டியது.

துணி சோப்பு.

அவள் பயந்துதான் போனாள். ஆனால் பொறாமை அவளைப் பின்வாங்க விடவில்லை. “இந்தத் தடவை தள்ள மாட்டேன்டி,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். டப்பாக்களை நெருக்கி, மூடிகளைத் தளர்த்தி, கதவை வெளியிலிருந்து பூட்டினாள்.

உள்ளே தகரத்தில் தகரம் உரசியது. மெதுவாக.

மூன்று மாதம் கழித்து, மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகலில் முதலாளி கேட்டேவிட்டார். அவள் நான்கு டப்பாக்களையும் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்தாள். உச்சுக்கொட்டத் தயாராக முகத்தை வைத்திருந்தாள்.

சுருள்கள் நேற்றுக் கழுவி உலர்த்தியது போல் இருந்தன. ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை. அறை முழுக்க சோப்பு வாசனை.

“என்ன கைம்மா உங்களுக்கு!” என்று முதலாளி பூரித்துப்போனார். அடுத்த நொடியே மூக்கைச் சுளித்தார். “இந்த நெடி எங்கேருந்து வருது?”

குளிர் அறையிலிருந்து வந்தது.

அவள் ஓடினாள். ஏழு வருஷம் பத்திரமாக இருந்த டப்பாவின் மூடி லேசாகத் தளர்ந்திருந்தது. உள்ளே அவள் படம் சுருங்கி, நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கடைசியில் ஒரு சின்னத் துண்டுதான் பிரிந்து வந்தது. முதலாளியே அதை ஸ்கேனரில் போட்டார்.

திரையில் காலிப் படித்துறை வந்தது. அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

“அட, தங்கச்சியும் கூட வந்திருந்தாங்களா?”

“வரல சார்.” அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். “அந்த வருஷம் எங்களுக்குள்ள பேச்சே கிடையாது.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதற்குமேல் ஒரு குரல், சிரித்துக்கொண்டே சொன்னது.

“கொஞ்சம் தள்ளி நில்லுக்கா, நானும் வர்றேன்.”

திரையில் அக்கா ஓரடி நகர்ந்தாள். பிறகு இன்னும் ஓரடி. ஒரு தோள் மட்டும் தெரிந்தது. கடைசி பிரேமில் தங்கை ஒருத்திதான், நட்டநடுவில், கேமராவைப் பார்த்துக்கொண்டு.

“பிரமாதம்மா! இந்தத் துண்டை உங்க தங்கச்சி படத்துக்கு முன்னால சேர்த்துடலாம்,” என்றபடி முதலாளி போன் பேச வெளியே போனார்.

அவள் மட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரை இருண்டுவிட்டது. ஜன்னலில் வெயில் பளிச்சென்று இருந்தது.

இடது விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

சின்ன வயதுப் பழக்கம். யோசிக்காமலே அவள் நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள்.