அந்த வீட்டுக் காற்று

ஆட்டத்தை நிறுத்திவைத்த பிறகும் காற்று அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அந்தப் பாழடைந்த வீடு அப்படியே உறைந்து நின்றது, திரைச்சீலை பாதி பறந்த நிலையில் தொங்கியது, மழைக்கோடுகள்கூட நடுவில் நின்றுவிட்டன. ஹெட்போனுக்குள் மட்டும் காற்று மெல்ல ஏறி, தயங்கி, இறங்கியது. ஏதோ மென்பொருள் கோளாறு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். மனசு ஒப்பவில்லை.

வீடியோ கேம்களுக்கு ஒலி சேர்ப்பது அவன் வேலை. சோளமாவுப் பையை அமுக்கினால் பனியில் நடக்கும் சத்தம், மிட்டாய்க் காகிதத்தைக் கசக்கினால் நெருப்பு. இந்த வீட்டுக் காற்று மட்டும் அமையவே இல்லை. விளையாடிப் பார்த்தவர்கள், "பொம்மை வீடு மாதிரி இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். புதுக் காற்றைச் சேர்த்த அன்று ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். படம் வரையும் நண்பன் முதுகில் தட்டினான்.

"எங்கடா பிடிச்ச இந்தக் காத்தை? ராப்பகலா நான் வரைஞ்ச வீட்டை ஒருத்தனும் பாக்கல. கேட்டே நடுங்குறாங்க."

அவன் சிரித்து மழுப்பினான். அது காற்றே அல்ல. ஆஸ்பத்திரியில் அம்மா விட்ட கடைசி மூச்சு. தலையணையோரம் போனை வைத்துப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, சுருதியை இறக்கியிருந்தான். அதைவிடக் கேவலம், அம்மா பிடித்திருந்த தன் கையை அவனே உருவிக்கொண்டது. போர்வை உரசும் சத்தம் பதிவில் விழுகிறதாம். அவள் விரல்கள் போர்வைமேல் தேடின. அந்தச் சத்தத்தையும் பிறகு வெட்டி எறிந்தான். நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. தங்கையிடம், கடைசிவரை கையைப் பிடித்திருந்ததாகச் சொல்லியிருந்தான்.

அந்தத் தங்கை இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வேலையைப் பார்க்க அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"ஏதோ கோளாறும்மா. இன்னொரு நாள் பாக்கலாம்."

"சும்மா சாக்கு சொல்லாத. ஊரே விளையாடிடுச்சு, நான்தான் பாக்கி. கொடு."

இப்போதே சொல்லிவிடலாம். பிறகு இவள் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள்.

சிரித்தபடி காற்றைக் கேட்டாள். சிரிப்பு மெல்ல வற்றியது.

"அண்ணா, நிஜமாவே அந்த வீட்டுக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு." கண்களை மூடினாள். "அது என்ன, துணி உரசுது?"

அவன் வயரைப் பிடுங்கினான். அது அவன் கையில் தொங்கியது. அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் இருந்த அவள் கை மெதுவாக எழுந்தது. விரல்கள் எதையோ பற்றின. புறங்கைத் தோல் அழுந்தியது. ஓரிடத்தில். பக்கத்தில் இன்னோரிடத்தில். நான்கு பள்ளங்கள். வெளுத்த பள்ளங்கள்.

"ம்..." என்று தலையாட்டினாள். "ம்... சரிம்மா."

"கழட்டு! கழட்டு அதை!"

பள்ளங்கள் நிரம்பின. அவள் விரல்கள் தளர்ந்தன. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்திருந்தது.

"உன் கைதான் வேணுமாம்."

அவன் பின்வாங்கினான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அன்று போலவே.

முதுகுக்குப் பின்னால், சில்லென்ற விரல்கள், ஒவ்வொன்றாக, அவன் விரல்களுக்கு நடுவே நுழைந்தன.