கெடுவுக்கு முன் ஒரு கஞ்சா கார்டு

ட்ரிங்... ட்ரிங்...

காலை ஏழு நாற்பது. அமெரிக்காவின் டன்பார் கௌண்டி ஷெரிஃப் அலுவலகத்தில் டெலிபோன் அலறியது.

மெர்ல் டகெட் ஒரு கையில் காபியோடு எடுத்தான். வயது முப்பத்தாறு. கௌண்டி போலீஸுக்குத் தலைவனாக, ஷெரிஃப் ஆகி ஐந்தே மாதம். அதுவரை அங்கேயே டெபுடி.

"ஷெரிஃப் ஆபீஸ்."

"மெர்லா? நான் ரோவீனா பேசறேன்டா. முதல்லயே சொல்லிடறேன்... என் கார்டு செல்லும்."

"எந்தக் கார்டு?"

"கஞ்சா கார்டு. டாக்டர் எழுதிக் குடுத்து வாங்கறதுடா. நேத்து சாயங்காலம்தான் புதுப்பிச்சு வந்துச்சு. கொல்லையில ஆறு செடி இருக்கு. ஆறும் சட்டப்படி."

"இதச் சொல்லவா காலங்காத்தால கூப்பிட்டீங்க, மிஸ் ரோவீனா?"

"இல்லடா. அந்தச் செடிங்களுக்கு நடுவுல என் வீட்டுக்காரன் ஹார்லன் செத்துக் கிடக்கான்."

காபி மெர்லின் சட்டைக்கு மாறியது.

இருபது நிமிடத்தில் ஜீப் போய் நின்றது.

கொல்லைப்புற பிளாஸ்டிக் குடிலுக்குள் ஹார்லன் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் மண்வெட்டி. மேலே ஆள் உயரத்துக்கு ஆறு செடிகள், அஞ்சலி செலுத்துவதைப் போலத் தலை தொங்கி நின்றன.

வாசலில் ஊன்றுகோலோடு ரோவீனா. வயது அறுபத்து மூன்று. முப்பத்தோரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். இந்த கௌண்டியில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். ஷெரிஃப் உட்பட.

"என்ன நடந்துச்சு?" என்றான் மெர்ல்.

"திருடன்தான்டா. அறுவடை நேரம். வாசனை மூணு மைல் தூரம் போவுது. சத்தம் கேட்டு இவன் எந்திரிச்சுப் போயிருப்பான். திருடன் போட்டுட்டான்."

மெர்லோடு வந்த டெபுடி ஜோலீன், குடிலுக்குள்ளிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆறு செடியும் அப்படியே இருக்கே மேடம். எண்ணிப் பாத்துட்டேன்."

"எண்ணத் தெரியுதா? பள்ளிக்கூடத்துக்கு உன்னக் கூட்டிட்டுப் போனது வீண் போகல."

"ஒரு விஷயம் கேக்கலாமா? ஹார்லன் இதைப் பொட்டலம் பொட்டலமா கட்டி, பக்கத்து ஊர் சர்ச்சுல பாடற ஓப்பல்ங்கறவளுக்குக் கொண்டுபோய்க் குடுப்பாராமே?"

ரோவீனாவின் ஊன்றுகோல் மண்ணில் ஒரு அங்குலம் இறங்கியது.

"ஊரே பேசுது. நீ மட்டும் பேசாம இருந்தா நல்லாவா இருக்கும்? ஆமா... என் முட்டிக்கு வளத்தது அவ தொண்டைக்குப் போச்சு. அப்பவும் சுருதி சேரல."

மெர்ல் தொண்டையைச் செருமினான்.

"மிஸ் ரோவீனா, கோவிச்சுக்காதீங்க. கார்டைப் பாத்தே ஆகணும். காலாவதி ஆகியிருந்தா இந்த ஆறு செடிக்கும் உங்கள இப்பவே ஜீப்ல ஏத்தணும். செடிங்களையும் வேரோட புடுங்கிடுவாங்க."

"தெரியும்டா. செடி போச்சுன்னா என் முட்டி போச்சு. கட்டில விட்டு எந்திரிக்கவே முடியாது. அதுக்குத்தான் ஒழுங்கா புதுப்பிச்சேன்."

"நீங்களா...? ஒழுங்காவா...?"

மெர்லால் நம்ப முடியவில்லை.

"உங்க டிரக் நம்பர் பிளேட்டே காலாவதி ஆகி ஒன்றரை வருஷம். நாலு தடவை எச்சரிச்சிருக்கேன். டிரைவிங் லைசென்ஸும் போயிடுச்சு. மீன்பிடி லைசென்ஸ்ல இன்னும் உங்க பழைய புருஷன் பேர் இருக்கு."

"டிரக்கு என் முட்டிவலியக் குறைக்குதா?"



ரோவீனா உள்ளே போனாள். ஒரு நீல ஃபைலோடு திரும்பினாள். முகத்தில் ஒரு பெருமை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் காட்டுகிற பிள்ளையின் பெருமை.

"பாத்துக்க. கெடு நேத்து ராத்திரி பன்னெண்டு மணி. நான் அனுப்பினது இருபது நாளைக்கு முன்னாடி. டாக்டர் கையெழுத்து இருக்கு. புது போட்டோ இருக்கு. அனுப்பின விண்ணப்பத்துக்கு நகலும் இருக்கு."

"பிரமாதம்."

"போன தடவை ஒரே ஒரு கட்டம் நிரப்பலன்னு திருப்பி அனுப்பிட்டானுங்க. பதினோரு நாள் கார்டு இல்ல. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நீதான் வர்றியோன்னு செடி மேல போர்வை போட்டு மூடினேன். இந்தத் தடவை ஒரு கட்டம் விடல."

மெர்ல் கார்டைத் திருப்பிப் பார்த்தான். தேதி சரி. பெயர் சரி. முத்திரை சரி.

அப்பாடா...!

உண்மையிலேயே நிம்மதி. ஒன்றாம் வகுப்பில் பஸ்ஸுக்குள் வாந்தி எடுத்தபோது, திட்டிக்கொண்டே முகம் கழுவி விட்டவள் இவள். இவளுக்கு விலங்கு மாட்ட அவனுக்கு மனசு வராது.

"செடி விஷயத்துல பிரச்சினை இல்ல. ஜோலீன், திருடன்னே எழுதிக்க. ரோட்டுல டயர் தடம் இருக்கான்னு பாரு."

ஜோலீன் நகரவில்லை.

"ஷெரிஃப்... ஹார்லனும் இந்தச் செடியத் தொடுவாரே? அதுக்குத் தனி கார்டு வேணும். நோயாளிக்கு உதவியாளர்னு ஒருத்தரைப் பதிவு பண்ணணும்."

"அவர்தானே உதவியாளர். பார்ல எல்லார்கிட்டயும் அந்தக் கார்டைக் காட்டுவாரே. மிஸ் ரோவீனா, அதையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் சேத்து எழுதிடறேன்."

"அது... புதுப்பிக்கல."

"ஏன்?"

ரோவீனா செடியில் இல்லாத ஒரு பழுத்த இலையைத் தேடினாள்.

மெர்ல் விண்ணப்ப நகலைப் புரட்டினான். இரண்டாம் பக்கம்... மூன்றாம் பக்கம்...

பழைய உதவியாளரை நீக்குகிறீர்களா? 'ஆம்' என்ற இடத்தில் ஒரு டிக்.

நீக்குவதற்குக் காரணம்? நாலு கட்டங்கள். முதல் மூன்றும் காலி.

நாலாவதில், கோடு தாண்டாமல், நீல மையில் ஒரு டிக்.

'இறந்துவிட்டார்.'

மெர்ல் தேதியைப் பார்த்தான். குப்புறக் கிடந்த ஹார்லனைப் பார்த்தான். மறுபடி தேதியைப் பார்த்தான்.

"மிஸ் ரோவீனா..." அவன் தாளை நீட்டினான். "இருபது நாளைக்கு முன்னாடி ஹார்லன் என்கூட ஏரியில மீன் பிடிச்சிட்டிருந்தார்."

ரோவீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தாளை வாங்கி, அந்தக் கட்டத்தை நிதானமாகப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"தப்பா ஒண்ணும் எழுதலையேடா... கொஞ்சம் சீக்கிரமா எழுதிட்டேன், அவ்வளவுதான்."