முந்நூறு மீட்டர் வட்டம்

விளையாட்டு விமானங்களின் பலத்தைக் கூட்டிக் குறைக்க வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் சமன் அமர்வில் அன்றும் தண்டர்போல்ட் போர்விமானம்தான் பேரத்துக்கு வந்தது.

"ஏழு டன் எருமைங்க இது. திரும்பறதுக்குள்ள எதிராளி சுட்டுட்டுப் போயி டீயே குடிச்சுடறான்" என்றார் ஆட்டக்காரர் சங்கத் தலைவர் ஜாபர். "திரும்பற வட்டத்துல இருபது மீட்டர் குறைங்க."

"அஞ்சு" என்றாள் மரகதவல்லி.

பன்னிரண்டில் படிந்தது. வட்டம் முந்நூறு மீட்டருக்கு இறங்கியது, அவள் கையெழுத்திட்டாள்.

வான்பிரதி என்ற அந்த விளையாட்டில் பழைய போர்விமானங்கள் எல்லாம் பறந்தன. காகித ஆவணங்கள் மட்கிப்போனபின், அதிலுள்ள எண்களே வரலாறு என்று அரசு சட்டமே போட்டுவிட்டது. பள்ளிப்பாடம் அதைப் பார்த்துத்தான். விமானி உரிமமும் அதில் பறந்த நேரத்தைப் பார்த்துத்தான். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் அந்த எண்களை மாற்றும் திறன் திருத்துநராக வந்தபோது அந்த வட்டம் நானூறு. நூறு மீட்டரையும் கொசுறுக் கறிவேப்பிலை போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்திருந்தாள்.

ஞாயிறு காலை தம்பி தெய்வசிகாமணி விமானத்திடலிலிருந்து அழைத்தான். அருங்காட்சியகம் பழுதுபார்த்து எழுப்பிய நிஜ தண்டர்போல்ட்டை மக்கள் முன் ஓட்டப்போவது அவன்தான். வான்பிரதியில் நாலாயிரம் மணி நேரம் ஓட்டியவன். நிஜத்தைத் தொட்டு மூன்று நாள்.

"அக்கா, மேடைக்கு முன்னால தாழ வந்து முந்நூறுல ஒரு வட்டம் போடறேன், பாரு."

"நானூறுல போடுடா."

"ஏன், முந்நூறு பொய்யா? உன் கையெழுத்துதானே இருக்குது?"

பொய் என்றால் ஒன்பது வருடக் கையெழுத்தும் பொய்.

"பொய்யில்ல. பாத்துப் போ" என்றாள்.

விமானத்துக்குச் சட்டம் தெரியவில்லை. பாதி வட்டத்தில் இறக்கைகள் காற்றைக் கைவிட, சோளக்காட்டில் விழுந்து அவனோடு சேர்ந்து எரிந்தது.

விசாரணைக் குழு நாலே நாளில் முடிவு சொன்னது: விமானம் வான்பிரதிப் பதிவுக்கு இணங்கப் பறக்கவில்லை. விமானி மேல் குற்றமில்லை. திருத்துநர் மேலும் இல்லை.

அடுத்த வெள்ளி, வீங்கிய கண்களோடு அமர்வுக்குப் போனாள்.

"திரும்ப நானூறாக்கணும்."

"ஆதாரம் இருக்குதுங்களா?" ஜாபர் இரக்கத்தோடுதான் கேட்டார்.

பழைய எண்களை அழித்து அழித்து எழுதியது அவள் கை. மிச்சமிருந்த ஒரே ஆதாரம் சோளக்காட்டில் கரியாகக் கிடந்தது.

"எங்க பசங்களும் தம்பிய நெனச்சு வருத்தத்துல இருக்காங்கம்மா. உங்க முகத்துக்காக முந்நூத்தி இருபதுன்னு முடிச்சுக்கலாம்."

ஒன்பது வருடப் பழக்கம். யோசிக்கும் முன்பே அவள் வாய் திறந்துவிட்டது.

"முந்நூத்தி எண்பது."

ஜாபர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.