நாற்பது நாள் பானை

மூடியைத் தூக்கியதும் மீன் வாடை அடிக்கவில்லை, சுண்ணாம்பு வாடை அடித்தது. முனவ்வர் பேகம் முகத்தைச் சுளித்தாள். ஆறு நாளாக அவளே தண்ணீர் மாற்றுகிற பானை, இதில் சுண்ணாம்பு எப்படி வரும்? பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் தனியறையில் வைப்பதுபோல, வீட்டுக்கு வரும் எந்த மீனையும் நாற்பது நாள் தனிப் பானையில் வைத்து, சீக்கு இல்லை என்று தெரிந்த பிறகே முற்றத்துக் கல்தொட்டியில் விடுவாள். அந்தத் தொட்டியில்தான் ஆறு வயது மகள் அஃப்ஸர் ஜஹான், சிவப்பு மீன்களோடு கையை விட்டு அளைந்துகொண்டு கிடப்பாள். அதனால் இந்த விஷயத்தில் முனவ்வர் யார் பேச்சையும் கேட்கமாட்டாள்.

இந்த இரண்டு வெள்ளை மீன்களையும் கணவர் ஜான் பாஷா தன் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து கெரசின் டின்னில் கொண்டுவந்தார். எங்கே பிடித்தது என்று கேட்டதற்கு, "மீன்னா மீனு, இன்னா கேள்வி?" என்று போய்விட்டார். அவை நீந்தவே இல்லை. அடியில் பக்கம் பக்கமாகக் கிடந்தன, இரையைத் தொடவில்லை. இன்று தண்ணீர் மாற்றக் கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டுப் பூனைமயிர் அத்தனையும் தண்ணீரில் மிதந்தது.

பாத்திரம் துலக்கும் செண்பகம் எட்டிப் பார்த்துப் பின்வாங்கினாள்.

"இது ஷாப்பு சுண்ணாம்புக் குழியில கெடந்ததாம் பீபிம்மா, கூலிக்காரங்க சொன்னாங்க. அந்தத் தண்ணில மீன் பொழைக்குமா? போன மாசம் எங்கூட்டுக்காரு அதுலதான் விழுந்தாரு. குழிய எறைச்சா ஊறுற தோலு கெட்டுடும்னு சாயபு சொல்லிட்டாரு. இன்னும் எடுக்கல."

முனவ்வருக்கு உச்சந்தலை எரிந்தது. செண்பகத்தின் புருஷன் துரைசாமி திருப்பத்தூருக்கு ஓடிப் போய்ட்டான் என்று அவளிடமே கூசாமல் சொன்ன மனுஷன்! மதியம் சாப்பிட உட்கார்ந்தவரிடம் நேராகவே கேட்டாள்.

"செத்தவன குழிக்குள்ள போட்டுட்டு சோறு எறங்குதா உங்களுக்கு? இன்னிக்கே குழிய எறைங்க. அந்த மீனையும் எடுத்துட்டுப் போங்க."

"எனக்கே ஷாப்பு நடத்தச் சொல்லித் தர்றியா?"

எச்சில் கையோடு எழுந்தார். முற்றத்துக்குப் போய்ப் பானையைத் தூக்கி, அப்படியே கல்தொட்டியில் கவிழ்த்தார்.

"போச்சா உன் நாப்பது நாளு?"

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். படுபாவி! வாய்விட்டே திட்டினாள். அடுப்பில் வைக்க வேண்டும் அந்தக் கையை. தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்று செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, கிடைத்த வாளிகளை எல்லாம் அள்ளினாள்.

திரும்பும்போது முற்றத்தில் நல்ல வெயில். காக்கைகூடக் கத்தவில்லை. சுண்ணாம்பு வாடையில் நெஞ்சு கமறியது. தொட்டித் தண்ணீர் பால் போல வெளுத்திருந்தது, சிவப்பு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. அவற்றின் மேல் ஒரு செதில்கூட இல்லை.

மதரஸாவில் ஓதிவிட்டு வந்த மகள் தொட்டி விளிம்பில் சாய்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை உள்ளே.

"அம்மா, கூசுது," என்று சிரித்தாள்.

"கைய எடுடி!"

"வரலம்மா. புடிச்சிருக்கு."

வாளி விழுந்து உருண்டது. ஓடினாள். மகளை இடுப்போடு அணைத்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

தண்ணீர் மெல்லத் தெளிந்தது.

மீன்கள் இல்லை. அடியிலிருந்து இரண்டு கைகள். ஆண் கைகள். வெளுத்து, ஊறி, நகமில்லாமல். ஒன்று குழந்தையின் கையை இறுகப் பற்றியிருந்தது. இன்னொன்றின் கட்டைவிரல், குழியில் ஊறிய தோலில் மயிர் இளகிவிட்டதா என்று தொழிலாளி தேய்த்துப் பார்ப்பதுபோல, அந்தச் சின்னக் கையை அவசரமே இல்லாமல் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது.

விரல் ஓரிடத்தில் நின்றது. அழுத்தியது.

தோல் இளகி நகர்ந்தது.