பாதியில் நிற்கும் கைப்பிடி

சமையலறை மேசையில் ஆறிப்போன ஆட்டிறைச்சியை மர்டோ டன்பார் வெட்டிக்கொண்டிருந்தபோது, நடையின் கோடியில் இருந்த துப்பாக்கி அறையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவர் கை நின்றது. மாலை ஐந்து மணி. வெளியே மலைச்சரிவுகளில், அந்தத் தென்கோளத்து இலையுதிர்கால ஏப்ரலில், ஆண்மான்கள் ஒன்றையொன்று வம்புக்கு இழுத்துக் கத்திக்கொண்டிருந்தன. அடுப்பில் பீச் மர விறகு சடசடத்தது. தகரக் கூரை குளிரில் சுருங்கி முனகியது. இத்தனைக்கும் நடுவே அந்தச் சின்னச் சத்தம் தனியாக, யாரோ விரலை ஒருமுறை சொடுக்கியதுபோலக் கேட்டது. எழுபத்து நான்கு வயதில் அவர் எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டிருந்த சத்தம். தோட்டா இல்லாத துப்பாக்கியின் விசையை அழுத்தினால், உள்ளே இழுத்துப் பிடிக்கப்பட்ட ஊசி பாய்ந்து முட்டுகிற சத்தம்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

இரும்பு அலமாரி பூட்டியிருந்தது. சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. திறந்தபோது எண்ணெயும் ஈரக் கம்பளியும் புது வால்நட் கட்டையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய துப்பாக்கி அது ஒன்றுதான் உள்ளே நின்றது. பழையதை அதற்கு ஈடாகக் கடையில் கொடுத்துவிட்டார். தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் தண்டான போல்ட் மூடியிருந்தது. அதன் பின்முனையில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. ஊசி இழுபட்டிருந்தால் புள்ளி வெளியே தெரியும், இல்லாவிட்டால் மறைந்துவிடும். நேற்று உள்ளே வைக்கும்போது கட்டை விரலால் தடவிப் பார்த்திருந்தார். புள்ளி இல்லை. இப்போதும் இல்லை.

அப்படியானால் இந்தச் சத்தம் வருவதற்கு முன், பூட்டிய அலமாரிக்குள் யாரோ அதன் ஊசியை இழுத்து வைத்திருக்க வேண்டும்.

துப்பாக்கியைச் சமையலறைக்குக் கொண்டுவந்து போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, மூடினார். சிவப்புப் புள்ளி எட்டிப் பார்த்தது. மேசைமேல் கிடத்திவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கெட்டில் கொதித்து அடங்கியது. ஒரு மான் கத்தி ஓய்ந்தது.

டிக்.

புள்ளி மறைந்தது. மறுபடி இழுத்து மூடினார். நாற்பது தடவை. ஒரு தடவைகூட அது அசையவில்லை. நல்ல பிள்ளையைப்போலப் படுத்திருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கின் பொதுக்கூடத்தில் வேட்டைக் கிளப்பின் பலகை ஒன்று உண்டு. ஒருவன் கையில் இருக்கும் துப்பாக்கி அவன் நினைக்காமல் வெடித்துவிட்டால், அவன் பெயரை அதில் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவார்கள். ஒரு வருடம் அவன் துப்பாக்கி தொடக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மர்டோதான். நாற்பது வருடத்தில் ஆறு பெயர்கள். ஆறாவது பெயர் ஃபெர்கஸ் டன்பார், அவருடைய ஒரே மகன். பதினோரு வருடங்களுக்கு முன் இதே முற்றத்தில் அவன் விசையைப் பூட்டி வைக்கும் சேஃப்டியை நகர்த்தியபோது துப்பாக்கி வெடித்தது, ஆட்டுப்பட்டி நாய் செத்தது. "நான் விசையைத் தொடவே இல்லப்பா," என்றான். துப்பாக்கி தானாக வெடிக்காது, மனிதன்தான் வெடிக்க வைக்கிறான் என்று ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு மர்டோ சொன்னார். தன் கையாலேயே அந்தப் பெயரை எழுதினார். வேறு யாரும் எடுத்துப் பார்க்குமுன் அந்தத் துப்பாக்கியை ரம்பத்தால் மூன்று துண்டாக அறுத்து ஆற்றில் போட்டார். வீட்டின் அவமானத்தை வெளியாள் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று அன்று தோன்றியது. ஃபெர்கஸ் கடல் தாண்டி பெர்த் நகரத்துக்குப் போய்விட்டான்.

அதுவும் இந்தக் கம்பெனித் துப்பாக்கிதான். அந்த நினைப்பை மர்டோ அதுவரை உள்ளே வரவிட்டதில்லை.

மறுநாள் காலை அதைப் பக்கத்து ஊரான ரான்ஃபர்லிக்கு எடுத்துப் போனார். துப்பாக்கி பழுது பார்க்கும் ஹேனாரே வாசலிலேயே சிரித்தான்.

"என்ன மிஸ்டர் டன்பார், கல்யாணம் ஆகி மூணு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள பொண்ணைத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?"

"பாரு. வாயைக் குறை."

ஹேனாரே ரப்பர் சுத்தியலால் தட்டினான். போல்ட்டை இருபது தடவை அறைந்து மூடினான். அடிக்கட்டையைத் தரையில் குத்தினான். சிவப்புப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க. தானா அடிக்குதா? வடக்குத் தீவுல ஒருத்தன் இதே ரகம் வாங்கியிருக்கான். உள்ள இருக்கிற கொக்கி சரியாக் கடிக்கல, தயாரிப்புலயே கோளாறுங்கிறான். கம்பெனிக்காரன் ஒத்துக்கல." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து முன்னால் வைத்தான். "உங்களை மாதிரி ஆளு கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவான். ஆனா கிளப்புக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லியாகணும். நீங்க போட்ட சட்டம்தானே, காலித் துப்பாக்கின்னாலும் சொல்லணும்ல?"

விசையைத் தொடாமலே இயங்கியதா? ஆம், இல்லை. இரண்டு சின்னக் கட்டங்கள். மர்டோ பேனாவைக் கையில் எடுக்கவும் செய்தார்.

"மேல மாட்டியிருக்கிற தொலைநோக்கி ஆடுது. அவ்வளவுதான்," என்றார்.

ஹேனாரே திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தான். "இதெல்லாம் கெட்டியாத்தானே இருக்கு," என்றான் மெதுவாக. பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் துப்பாக்கியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

புதன்கிழமை மாலை ஃபெர்கஸ் வந்தான். நாற்பத்திரண்டு வயது, காதோரம் நரை. ஒரே ஒரு தடவை மான் கத்தும் பருவத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன், ஆனால் துப்பாக்கி தொடமாட்டேன் என்று போனில் சொல்லியிருந்தான். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மாட்டுக் கொம்பைப் பார்த்ததும் எடுத்துத் தடவினான். மானைப்போலக் கத்தி மானை வரவழைக்க அவன் பதினாறு வயதில் செதுக்கிய கொம்பு.

"தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஆணி காலியா இருந்தா அசிங்கமா இருக்கும்."

ஃபெர்கஸ் சிரித்தான். சாப்பிட்டு முடித்த பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்.

"பலகை இன்னும் அங்கதான் இருக்கா?"

"இருக்கு."

"எம்பேரு?"

"நல்ல பெயிண்டு. அழியாது."

"அது கெடக்கட்டும்பா. ஊருக்காக நான் வரல. நான் பொய் சொல்லலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்கிட்ட மட்டும். இந்த மேசையில. போதும்."

மர்டோவின் நாக்கில் அந்த வார்த்தை இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"துப்பாக்கி தானா வெடிக்காது."

நடையின் கோடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால்: டிக்.

"என்ன சத்தம் அது?" என்றான் ஃபெர்கஸ்.

"கூரை. குளிருக்குச் சுருங்குது."

வியாழக்கிழமை விடிந்தபோது பள்ளத்தாக்கை மூடுபனி நிரப்பியிருந்தது. துப்பாக்கியை வீட்டில் விட்டுப் போக முடியாது. ஏன் என்று கேள்வி வரும். தோட்டாக்களைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் ஆகாது, வெறும் இரும்பைச் சுமந்து போய்த் திரும்பி வந்துவிடலாம் என்று மர்டோ இரவெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தார். சரிவை வெட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் டன்பார் வீட்டு வழக்கப்படியே நடந்தார்கள். துப்பாக்கி இல்லாதவன் முன்னால், இருப்பவன் ஆறடி பின்னால், துப்பாக்கி வயிற்றுக்குக் குறுக்கே தொங்க, குழல் எப்போதும் இடது பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தபடி. பழுப்புப் புல்லில் நீர்த்துளிகள் கனத்துத் தொங்கின. ஆண்மானின் மூத்திர நெடி, காட்டமாக, ஈரத்தோடு பனியில் ஊறிக் கிடந்தது. ஃபெர்கஸின் முதுகு சில நேரம் தெரிந்தது, சில நேரம் சாம்பல் நிறத்தில் கரைந்தது.

டிக்.

ஃபெர்கஸ் நின்றான். திரும்பவில்லை. அவன் பிடரி இறுகுவது மர்டோவுக்குத் தெரிந்தது.

"அப்பா. நீங்க தொட்டீங்களா?"

மர்டோவின் வலது கை மார்பில், தோள்வாரைப் பிடித்தபடி இருந்தது. விசைக்கு ஒரு முழம் மேலே. மலை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல இருந்தது. ஒரே ஒரு சொல். இல்லை.

"ஆமா. சும்மா சரிபார்த்தேன்."

ஃபெர்கஸின் தோள்கள் தளர்ந்தன. "உங்களுக்கு வயசாகலன்னு நெனச்சேன். விரலுக்கு ஆயிடுச்சு," என்றான். சிரிக்கத்தான் முயன்றான். பிறகு கொம்பை வாயில் வைத்துக் கத்தினான். ஆழமாக, அடிவயிற்றிலிருந்து.

பதில் வந்தது. மிகப் பக்கத்தில். பாதைக்கு அப்பால், இருநூறு அடிகூட இருக்காது.

"பெரியவன்பா," ஃபெர்கஸ் கிசுகிசுத்தான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவன் கண்கள் மின்னின. "தோட்டா போடுங்க."

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பருவத்தின் பெரிய மான் எதிரே கத்த, மர்டோ டன்பார் தோட்டா போடாமல் நிற்பதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். மர்டோ மூன்று தோட்டாக்களை அழுத்தினார். போல்ட்டை முன்னே தள்ளினார். கைப்பிடியைக் கீழே இறக்காமல் பாதியில் நிறுத்தினார். சேஃப்டியை நம்பாமல் கைப்பிடியை நம்புவதுதான் அந்தப் பக்கத்து மலைக்காரர்களின் வழக்கம். கைப்பிடி பாதியில் நிற்கும்வரை ஊசி தோட்டாவைத் தொடாது. எந்தக் கோளாறு இருந்தாலும் தொடாது. அவருடைய தகப்பனார் அப்படித்தான் சுமந்தார். ஃபெர்கஸுக்கும் அவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

நடந்தார்கள். பனி கூடியது. ஃபெர்கஸின் முதுகு மறைந்தது. அவன் காலடியில் கல் உருளும் சத்தம் மட்டும் முன்னால் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. மர்டோ இடது கட்டை விரலால் கைப்பிடியைத் தடவினார். பாதி. குழல் இடது பக்கம், வெறும் பள்ளத்தை நோக்கி. நான்கு அடி நடந்தார். தடவினார். பாதி.

கொம்புச் சத்தம் கேட்டது. முன்னாலிருந்து அல்ல.

இடது பக்கத்திலிருந்து.

அந்த இடத்தில் பாதை ஓடைக்காக வளைந்து திரும்பும். நாற்பது வருடம் நடந்த பாதை. ஃபெர்கஸ் வளைவைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய்விட்டான். பள்ளத்துக்கு அந்தப் புறம். குழலுக்கு நேரே.

கட்டை விரல் கைப்பிடியைத் தேடியது.

அங்கே இல்லை.

கீழே இறங்கியிருந்தது.

வெடிச் சத்தம் மலை மலையாக உருண்டு போனது. தோள்வாரைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. எதிர்ப்பக்கத்தில் கொம்பு பாதிக் கத்தலில் நின்றது.

வளைவைச் சுற்றி அவர் எப்படி ஓடினார் என்று அவருக்குத் தெரியாது. ஃபெர்கஸ் புல்லில் மல்லாந்து கிடந்தான். கொம்பு அவன் கையில். கம்பளிச் சட்டை மார்பில் கறுத்து, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மர்டோ துப்பாக்கியைத் தூர எறிந்தார். அந்த நிலையிலும் குழல் பள்ளத்தைப் பார்க்கும்படிதான் எறிந்தார். மண்டியிட்டார்.

ஃபெர்கஸின் உதடு அசைந்தது. "தொட்டீங்களா?"

"இல்ல," என்றார். "நான் தொடல. ஃபெர்கஸ். நான் தொடவே இல்ல. நீயும் தொடல. கேக்குதா? நீ பொய் சொல்லல."

கண்கள் திறந்தேயிருந்தன. பனித்துளிகள் அவற்றில் விழுந்தன. அவை இமைக்கவில்லை.

"நான் தொடல," என்றார் மறுபடி, சத்தமாக.

டிக்.

பின்னாலிருந்து. புல்லிலிருந்து. மர்டோ திரும்பவில்லை.

"நான் தொடல."

டிக்.

திரும்பினார்.

குழல் இப்போது பள்ளத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தது. அருகில் யாரும் இல்லை, புல்கூட ஆடவில்லை. கைப்பிடி தானாக எழுந்தது. பதறாமல், வெகு நாள் பழக்கப்பட்ட கை ஒன்று தூக்குவதுபோல. போல்ட் பின்னால் போனது. வெற்றுத் தோட்டா துள்ளிப் புல்லில் விழுந்து புகைந்தது. போல்ட் முன்னே வந்தது. இரண்டாவது தோட்டா உள்ளே போகும் வழவழப்பான ஓசை.

கைப்பிடி பாதியில் நின்றது. டன்பார் வீட்டு வழக்கப்படி.

மர்டோ மகனின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மேலே எங்கோ அந்தப் பெரிய மான் மறுபடி கத்தியது, பதிலுக்குக் காத்திருந்தது.

கைப்பிடி மெல்ல இறங்கத் தொடங்கியது.